50 பாட் டெலக்ஸ், 2400 மோடம், 2 எம்பி லைன்: இன்றைய கணக்கில் எவ்வளவு?

18 நவம்பர் 2024, மாலை 6.40
(கேள்வி, புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் ஆசிரியை)

என் அப்பா ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் டெலக்ஸ் அறையை, அதாவது தட்டச்சுச் செய்தியைக் கம்பி வழியே அனுப்பும் இயந்திரம் இருந்த அறையை, பார்த்துக்கொண்டவர். அவருடைய டைரியில் ஒரு பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன: "டெலக்ஸ் 50 பாட். மோடம் 2400 பாட். புது லைன் 2 எம்பி." பள்ளிக் கண்காட்சிக்கு இதை ஒரு பலகையில் எழுதி, பக்கத்திலேயே இன்றைய அலகையும் தர நினைக்கிறேன். முதல் இரண்டையும் 8 ஆல் வகுத்தேன்: நொடிக்கு 6.25 பைட், 300 பைட். மூன்றாவது 2 மெகாபைட். வெள்ளிக்கிழமை பெயின்டர் வருகிறார். சரிதானே?

18 நவம்பர், இரவு 9.15

மூன்றும் தவறு. பெயின்டரைத் தள்ளிப் போடுங்கள், டீச்சர்.

மூன்றும் மூன்று வகைத் தவறு, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடலூரில் 30 ஆண்டுகளுக்கு மேல் முதலில் டெலக்ஸ் இயந்திரங்களோடும் பிறகு ஊருக்கு ஊர் லைன்களை இணைக்கும் டிரான்ஸ்மிஷன் அறையிலும் வேலை பார்த்தவன். 8 ஆல் வகுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தக் காலத்தவர் எதை எண்ணினார்கள்? கம்பியில் ஓடிய துடிப்பையா, பிட்டையா (0 அல்லது 1 என்ற ஒரு குறி, 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்), எழுத்தையா? அது தெரியாமல் வகுத்தால் கணக்குச் சரியாக இருக்கும், விடை தவறாக இருக்கும்.

டெலக்ஸிலிருந்து தொடங்குகிறேன். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

18 நவம்பர், இரவு 10.50

50 பாட் என்றால் நொடிக்கு 50 துடிப்புகள். ஒரு துடிப்பு 20 மில்லி நொடி. டெலக்ஸில் ஓர் எழுத்துக்கு 5 பிட்தான், 8 இல்லை. அந்த ஐந்துக்கு முன்னால் "தொடங்கு" என்று சொல்ல ஒரு துடிப்பு, பின்னால் "நில்" என்று சொல்ல ஒன்றரைத் துடிப்பு. ஆக மொத்தம் ஏழரை. ஓர் எழுத்து போய்ச் சேர 150 மில்லி நொடி ஆகும். நிமிடத்துக்கு 400 எழுத்துகள். இடைவெளியோடு சேர்த்து ஒரு சொல்லுக்கு 6 எழுத்து என்று வைத்தால் நிமிடத்துக்கு 66 சொற்கள் சொச்சம். "அறுபத்தாறு சொல் வேகம்" என்று அப்பா பேசிக் கேட்டிருந்தால் அது இதுதான்.

நொடிக்கு 6.67 எழுத்து. உங்கள் 6.25 பக்கத்தில் வந்துவிட்டதே என்று தோன்றும். அது தற்செயல். ஏழரையால் வகுக்க வேண்டியதை எட்டால் வகுத்திருக்கிறீர்கள், அதனால் அருகில் விழுந்தது.

19 நவம்பர், காலை 6.05

இரவு படுத்த பிறகும் மனம் ஒப்பவில்லை. 6.67 என்று எழுதியதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

ஒவ்வோர் எழுத்தையும் இன்றைய கணினியில் ஒரு பைட்டாகச் சேமித்தால் நொடிக்கு 6.67 பைட். ஆனால் உண்மையில் வந்த செய்தி எழுத்துக்கு 5 பிட்தான். 6.67 × 5 = 33.3 பிட். 8 ஆல் வகுத்தால் 4.17 பைட். கம்பியில் ஓடியது 50 பிட், செய்தியாகக் கைக்கு வந்தது 33. மீதி மூன்றில் ஒரு பங்கு "தொடங்கு", "நில்" என்று சொல்வதற்கே செலவாகிவிட்டது.

எண்கள் வந்தால் இன்னும் குறையும். 5 பிட்டில் 32 குறிகள்தான் கிடைக்கும். எழுத்துக்கும் எண்ணுக்கும் அதே குறிகளை இருமுறை பயன்படுத்த வேண்டும். எண்ணுக்கு மாறு என்று ஒரு குறி அனுப்பி, பிறகு எண்களை அனுப்பி, மறுபடி எழுத்துக்கு மாறு என்று ஒரு குறி. கடலூரின் எஸ்.டி.டி. எண் 04142 ஐ ஒரு வாக்கியத்தின் நடுவில் அனுப்ப 5 குறிகள் போதாது, 7 வேண்டும். கப்பல் சரக்கு விவரம் முழுக்க எண்கள்தானே. உங்கள் அப்பாவுக்கு இது விரல்நுனியில் இருந்திருக்கும்.

பலகையில் "நிமிடத்துக்கு 400 எழுத்து" என்றே போடுங்கள். அதில் யாரும் சண்டைக்கு வர முடியாது.

19 நவம்பர், மதியம்

திருப்பாதிரிப்புலியூர் நண்பர் ஒருவர், அமெச்சூர் வானொலிக்காரர், "45.45 பாட் என்றுதானே படித்திருக்கிறேன்" என்கிறார். அதுவும் உண்மை. அது அமெரிக்க டெலிபிரிண்டர் வழக்கம். ஒரு துடிப்பு 22 மில்லி நொடி, நிமிடத்துக்கு 60 சொல். வானொலி ஆர்வலர்கள் இன்றைக்கும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர் டெலக்ஸ் 50.

19 நவம்பர், இரவு 8.30

மோடம், அதாவது கணினித் தகவலைத் தொலைபேசி லைனில் அனுப்பும் பெட்டி. உங்கள் அப்பா "2400 பாட்" என்று எழுதியிருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள், நானும் பதிவேட்டில் அப்படித்தான் எழுதினேன். அந்த மோடம் நொடிக்கு 600 முறைதான் குறி மாற்றியது. ஒவ்வொரு மாற்றத்திலும் 4 பிட் ஏற்றியது. 600 × 4 = 2400 பிட். அதாவது 600 பாட், நொடிக்கு 2400 பிட். 300 பிட் மோடத்தில் பாட்டும் பிட்டும் ஒன்றாகவே இருந்தன. பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது, பிறகு விடவில்லை.

பாட் என்ற பெயர் எமில் போதோவிடமிருந்து வந்தது. பிரெஞ்சுத் தந்தித் துறைக்காரர், 1845 முதல் 1903 வரை வாழ்ந்தவர். அந்த 5 பிட் குறியீட்டுக்கு மூலவர் அவர். 1874 இல் காப்புரிமை வாங்கினார். ஆங்கிலத்தில் "பாட்" என்கிறோம். புதுச்சேரிப் பெரியவர்கள் பிரெஞ்சு வழக்கில் "போ" என்று சொன்னால் அவர்களைத் திருத்தாதீர்கள்.

வேகத்துக்கு வருவோம். மோடத்திலும் ஓர் எழுத்துக்கு 8 பிட்டோடு தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என மொத்தம் 10 பிட். எனவே 10 ஆல் வகுக்க வேண்டும். 2400 என்றால் நொடிக்கு 240 எழுத்து, 300 இல்லை. மோடம் எதுவானாலும் 10 ஆல் வகுங்கள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில், கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. தினமும் இரவு சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு இருப்புக் கணக்குக் கோப்பை அனுப்ப வேண்டும், ஏறக்குறைய 40 லட்சம் பைட். சென்னையில் ஒரே மோடம். கிளைக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்துக் கொடுத்திருந்தார்கள். 9600 பிட் மோடம். என்னைக் கேட்டார்கள். 8 ஆல் வகுத்து 1200 பைட், 56 நிமிடத்தில் முடிந்துவிடும் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உண்மையில் நொடிக்கு 960. எழுபது நிமிடமானாலும் முடியவில்லை. அடுத்த கிளைக்காரர் அழைத்தபோது எங்கேஜ்டு ஒலி. அவருடைய கோப்பு அன்றிரவு போகவே இல்லை. மறுநாள் தொலைபேசியில் அவர் பேசிய குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவர்மேல் பிழை இல்லை, நான் போட்ட கணக்கு.

20 நவம்பர், காலை 7.20

நெய்வேலி நண்பர் திருத்துகிறார். சரியான திருத்தம். "மோடம் எதுவானாலும் 10" என்று நான் எழுதியது தவறு.

வி.42 என்ற பிழைதிருத்த முறை உள்ள மோடம்கள் கணினியிடமிருந்து 10 பிட்டாக வாங்கி, தொடக்க முடிவுப் பிட்களைக் கழற்றிவிட்டு, 8 பிட்டாகக் கட்டுக்கட்டாக அனுப்பும். எதிர்முனை மோடம் அவற்றைத் திரும்ப மாட்டிக் கணினியிடம் கொடுக்கும். இரு மோடம்களுக்கு நடுவில் 10 பிட் ஓடுவதே இல்லை. அங்கே 8 ஆல் வகுத்து, கட்டுகளுக்கான செலவைக் கொஞ்சம் கழித்தால் போதும்.

அப்படியானால் அந்தத் தொழிற்சாலையில்? நானும் இதைத்தான் காலையிலிருந்து யோசிக்கிறேன். எங்கள் பக்க மோடத்தில் வி.42 இருந்தது. சென்னைப் பக்கத்து மோடத்தில் இல்லை, அதனால் இரண்டும் பேசி வைத்துக்கொண்டு பழைய முறைக்கே இறங்கிவிட்டன. ஆக அங்கே 10 தான். ஆனால் பொது விதியாகச் சொன்னது பிழை. திருத்தி எழுதுகிறேன்: பிழைதிருத்தம் இல்லாத பழைய மோடத்துக்கு 10, இருமுனையிலும் வி.42 இருந்தால் 8.

உங்கள் அப்பாவின் 2400 க்கு எது பொருந்தும் என்பது டைரியில் மோடம் பெயர் இருந்தால்தான் தெரியும். இருக்கிறதா?

20 நவம்பர், மாலை 4

பெயர் இல்லை என்கிறார் டீச்சர். ஆனால் அதே பக்கத்தில் "240 எழுத்து" என்று பென்சிலில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறதாம். பிறகென்ன, அப்பாவே 10 ஆல் வகுத்திருக்கிறார். நான் கையெழுத்துப் போட்டுத் தவறிய இடத்தில் அவர் தவறவில்லை.

21 நவம்பர், இரவு 9

நேற்றிலிருந்து ஒரு கணக்கு மனதை விட்டுப் போகவில்லை. பிளாப்பி, அந்தக் காலத்தில் கோப்புகளைச் சேமித்த கையடக்கத் தட்டு.

மூன்றரை அங்குல பிளாப்பியில் 14,74,560 பைட் கொள்ளும். நொடிக்கு 240 பைட் என்றால் 6144 நொடி. ஒரு மணி 42 நிமிடம், அதுவும் நடுவில் லைன் அறாமல் இருந்தால். கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 22 கிலோமீட்டர். பஸ்ஸில் வீடு விட்டு வீடு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் ஒரு பிளாப்பியோடு பஸ் ஏறினால் நொடிக்கு 3277 பிட் வேகம். மோடத்தைவிட வேகம்! பத்து பிளாப்பி என்றால் 32,768 பிட். நல்ல 33.6 கிலோபிட் மோடத்தின் அருகில் வந்துவிடுகிறது.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. புதுச்சேரியில் ஓர் அச்சகத்துக்கு இப்படித்தான் கொண்டுபோய்க் கொடுப்போம். பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் எண் போட்டு. பேனாவால் அழுத்தி எழுதினால் உள்ளே தட்டில் தழும்பு விழும் என்று பயம். அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன், பஸ் அந்த இடத்தில் அப்படிக் குலுங்கும்.

பிளாப்பியை "1.44 எம்பி" என்கிறார்களே, அந்த மெகா எந்த மெகா என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? 1440 × 1024. ஒரு கையில் 1000, ஒரு கையில் 1024. இரண்டையும் பெருக்கி மெகா என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதைப் பற்றிப் பிறகு.

22 நவம்பர், காலை

2 எம்பி லைனுக்கு வருகிறேன். இது என் சொந்த வீடு மாதிரி, கொஞ்சம் நீளும்.

தொலைபேசிக் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64,000 பிட். ஒரு பேச்சுக்கு 64 கிலோபிட். இப்படி 32 அறைகளை வரிசையாக அடுக்கினால் 20,48,000 பிட், அதாவது 2.048 மெகாபிட். இதுதான் இ-1. இந்தியா ஐரோப்பிய முறையை எடுத்துக்கொண்டதால் நமக்கு இது. அமெரிக்காவில் 24 அறைகளோடு 1.544 மெகாபிட்.

32 அறைகளில் முதல் அறை வரிசை பிசகாமல் பார்த்துக்கொள்ள. நடு அறை, அதாவது 16 ஆம் எண், யார் யாரை அழைக்கிறார் என்ற சைகைக்கு. மீதி 30 தான் பேச்சு. தகவலுக்குப் பயன்படுத்தினால் முதல் அறையை விட்டு 1.984 மெகாபிட்.

டிரான்ஸ்மிஷன் அறையில் நாங்கள் "ஒரு 2 எம்பி கொடு", "அந்த 2 எம்பி போய்விட்டது" என்றே பேசினோம். நாங்கள் சொன்ன "பி" பிட். கணினி வந்த பிறகு ஊரார் சொன்ன "பி" பைட். அப்பாவின் டைரியில் இருப்பது எங்கள் "பி". எனவே நொடிக்கு 2 மெகாபைட் இல்லை. 20,48,000 ஐ 8 ஆல் வகுத்தால் 2,56,000 பைட், அதாவது 256 கிலோபைட். உங்கள் பலகையில் ஏறக்குறைய எட்டு மடங்கு கூடுதலாக இருக்கிறது.

22 நவம்பர், இரவு

"2048 ஐ 1024 ஆல் வகுத்தால் சரியாக 2 தானே, அப்புறம் ஏன் 2.048 என்று இழுக்கிறீர்கள்?" இது டீச்சரின் மகன், கல்லூரி மாணவர். நல்ல கேள்வி, நானும் ஒரு காலத்தில் இதில் விழுந்திருக்கிறேன்.

தொலைத்தொடர்பில் கிலோ எப்போதும் 1000. 64 கிலோபிட் என்றால் 64,000, ஒன்று கூடாது ஒன்று குறையாது. கணினி நினைவகத்தில்தான் 1024 ஐக் கிலோ என்று அழைக்கும் வழக்கம் வந்தது. 2048 என்ற எண் 8000 × 8 × 32 இலிருந்து வந்தது. 1024 இன் இரு மடங்கைப் போலத் தெரிவது எண்களின் ஒற்றுமை. 1024 கணக்கில் பார்த்தால் இ-1 சரியாக 1.953125 தான், 2 வராது. அந்த 1024 கணக்குக்கு கிபி, மெபி என்று தனிப் பெயரே 1998 இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வைத்துவிட்டது. கிபிபைட், மெபிபைட். நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

23 நவம்பர்

இன்னொரு விஷயம். "8 எம்பி", "34 எம்பி", "140 எம்பி" என்றும் நாங்கள் சொல்வோம். நான்கு 2.048 சேர்ந்தால் 8.192 வர வேண்டும். 8 எம்பி லைனின் உண்மை வேகம் 8.448. மிச்சம் எங்கே போயிற்று? நான்கு லைன்களும் நான்கு கடிகாரங்களில் ஓடும். ஒன்று ஒரு மயிரிழை முந்தும், ஒன்று பிந்தும். அதைச் சரிக்கட்ட இட்டு நிரப்பும் பிட்களும் வரிசை பிசகாமல் பார்த்துக்கொள்ளும் பிட்களும்தான் அந்த மிச்சம். 34 இன் உண்மை வேகம் 34.368, 140 இன் உண்மை வேகம் 139.264. ஒரு 140 இல் 64 இ-1 ஏறும், 1920 பேச்சுகள்.

பிறகு வந்த எஸ்டிஎம்-1 என்ற புது முறை லைனின் வேகம் 155.52 மெகாபிட். பெரிய குழாய். ஆனால் அதில் 63 இ-1 தான் ஏறும், ஒன்று குறைவு! முதல் முறை சாதனத்தைப் பிரித்து அடுக்கியபோது ஒரு லைனை எங்கோ தவறவிட்டேன் என்று நினைத்து இரண்டு முறை எண்ணினேன். அந்தக் கூடுதல் இடமெல்லாம் கண்காணிப்புக்கும் எந்த இ-1 ஐயும் நேராக எடுத்துக்கொள்ளும் வசதிக்கும் போகிறது. அது வந்த பிறகு இரவுப் பணியில் ஒரு பழுதைக் கண்டுபிடிக்கும் நேரம் மிகவும் குறைந்தது. ஒரு லைன் இழந்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

மைத்துனர் வந்திருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா, குடும்பம் பாரிஸ் பக்கம், ஆண்டுக்கு ஒருமுறை புதுச்சேரி. இந்த இழையைக் காட்டினேன். "மினிடெலை விட்டுவிட்டீர்களே" என்றார்.

உண்மைதான், விட்டிருக்கக் கூடாது. பிரான்சில் 1982 முதல் வீட்டுக்கு வீடு தொலைபேசிப் புத்தகத்துக்குப் பதில் கொடுத்த சிறு திரை. நொடிக்கு 1200 பிட்டில் வாங்கும், 75 பிட்டில் அனுப்பும். அங்கே எழுத்துக்கு 10 பிட், எனவே நொடிக்கு 120 எழுத்து. திரை 40 எழுத்து அகலம், 25 வரி. ஆயிரம் எழுத்து நிரம்ப 8 நொடிக்கு மேல் ஆகும். "மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கும், அதற்குள் காபி கலக்கிவிடலாம்" என்றார் மைத்துனர். அனுப்பும் பக்கம் நொடிக்கு 7.5 எழுத்து, டெலக்ஸைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். மனிதன் தட்டுவதற்கு அது போதும் என்று கணித்து வைத்திருக்கிறார்கள், அது சரியாகவும் இருந்தது. 2012 ஜூன் 30 வரை ஓடியது.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். பிரெஞ்சில் பைட் என்பதே கிடையாது, "ஒக்தே". எட்டு பிட் கொண்டது. மெகா ஒக்தே, ஜிகா ஒக்தே. பிட்டுக்கும் ஒக்தேவுக்கும் முதலெழுத்தே வேறு, குழப்பம் வர வழியில்லை. தொலைத்தொடர்புத் தர ஆவணங்களும் பைட் என்று எழுதாமல் இந்தச் சொல்லைத்தான் எடுத்தாள்கின்றன. பழைய கணினிகளில் பைட் எப்போதும் எட்டாக இருந்ததில்லை என்பதும் ஒரு காரணம்.

24 நவம்பர், இரவு 11

நம் பக்கம் பாருங்கள். ஆங்கிலத்திலாவது பிட்டுக்குச் சிறிய பி, பைட்டுக்குப் பெரிய பி என்று ஓர் ஏற்பாடு உண்டு. தமிழில் சிறிதும் பெரிதும் கிடையாது. "எம்பி" என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. "எம்பிபிஎஸ்" என்று எழுதினால் வேகமா மருத்துவப் படிப்பா என்றே தெரியாது. "100 எம்பிபிஎஸ் 500 ரூபாய்" என்ற விளம்பரத் தட்டியைப் படித்துவிட்டு எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "இத்தனை டாக்டரா?" என்று கேட்டார். அவர் படித்தது சரியாகத்தான் படித்தார், எழுதியவன்தான் சரியாக எழுதவில்லை.

அதனால் டீச்சர், பலகையில் சுருக்கெழுத்தே வேண்டாம். "மெகாபிட்", "கிலோபைட்" என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். பெயின்டர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்டாலும் பரவாயில்லை.

26 நவம்பர்

சுருக்கமாக. 56 கே மோடம் பற்றி இருவர் கேட்டார்கள். 56,000 பிட் என்பது வாங்கும் பக்கத்து உச்ச வரம்பு. தொலைபேசி நிலையத்துப் பக்கம் முழுக்க டிஜிட்டலாக இருந்தால்தான் அதன் அருகே போகும். நடைமுறையில் நொடிக்கு 5 கிலோபைட் வந்தால் நல்ல லைன். மழை பெய்தால் அதுவும் இல்லை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது.

5 டிசம்பர்

இத்தனை நாள் எழுத முடியவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது உங்களுக்கே தெரியும். அங்கே வீதியெல்லாம் ஏரி. இங்கே சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. எங்கள் தெருவில் முழங்காலளவு. மின்சாரம் நான்கு நாள் இல்லை. டீச்சர், பலகை நனைந்துவிட்டதா? அப்பாவின் டைரி?

6 டிசம்பர், காலை

டைரி பரணில் இருந்ததால் தப்பித்ததாம். பெரிய நிம்மதி. பலகைக்கு வேறு அட்டை வாங்கிக்கொள்ளலாம்.

டீச்சர் கேட்ட டெலக்ஸ் நாடாவை, செய்தியைத் துளைகளாகப் பதிக்கும் காகித நாடாவை, படம் எடுத்து அனுப்பினேன். இணைப்பு இன்னும் சரியாகவில்லை. கைபேசியின் மேல் மூலையில் 14 என்று காட்டுகிறது. அது கிலோபைட். விளம்பரத்தில் மெகாபிட், கைபேசி மூலையில் கிலோபைட், இரண்டையும் ஒப்பிட 8 ஆல் பெருக்க வேண்டும்: 112 கிலோபிட். இரண்டு 56 கே மோடம் சேர்ந்த வேகம். படம் ஏறக்குறைய 20 லட்சம் பைட். 2 நிமிடம் 23 நொடி ஆக வேண்டும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 2 நிமிடம் 40 ஆயிற்று.

2004 இல் நம் அரசு பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 256 கிலோபிட் என்று வரையறுத்தது. 2023 இல் அதை 2 மெகாபிட் ஆக்கியது. உங்கள் அப்பா "புது லைன்" என்று எழுதிய அதே அளவு, இன்று ஓர் இணைப்பைப் பிராட்பேண்ட் என்று சொல்வதற்கான குறைந்தபட்சம்.

6 டிசம்பர், இரவு

நாடாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன். பிஸ்கட் டப்பாவில் சுருட்டி வைத்திருந்தேன், திறந்தால் இன்னும் அந்த எண்ணெய் வாடை. அகலம் விரற்கடை அளவு. குறுக்கே ஐந்து துளைக்கு இடம், நடுவே பற்சக்கரம் பிடிக்கச் சிறு துளைகள், ஒரு பக்கம் மூன்று மறு பக்கம் இரண்டு என்று பிரிந்திருக்கும். இது சோதனை நாடா: ஆர், ஒய், ஆர், ஒய் என்று திரும்பத் திரும்ப. ஆர் எழுத்துக்கு 2, 4 ஆம் துளைகள். ஒய் எழுத்துக்கு 1, 3, 5. ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இருக்காது. நாடா முழுக்க கோலப் புள்ளி மாதிரி மாறி மாறி வரும். எல்லாத் துடிப்பும் மாறிக்கொண்டே இருப்பதால் இயந்திரத்தில் எந்தப் பகுதி சோம்பினாலும் உடனே தெரிந்துவிடும்.

செய்தியை முதலில் நாடாவில் துளைத்துச் சரிபார்த்துவிட்டு, பிறகுதான் லைன் போட்டு ஓட்டுவோம். கையால் தட்டினால் நிமிடத்துக்கு 400 வராது, லைன் நேரம் வீணாகும். அந்த நாடாவில் அங்குலத்துக்கு 10 எழுத்து. 400 எழுத்து என்றால் 40 அங்குலம், அதாவது 101.6 சென்டிமீட்டர். ஒரு நிமிட டெலக்ஸ், ஏறக்குறைய ஒரு மீட்டர் நாடா. இதைவிட நல்ல அலகு பலகைக்கு வேறென்ன வேண்டும்?

7 டிசம்பர், விடியற்காலை

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். காலையில் அனுப்பிய அந்த ஒரு படத்தை இந்த நாடாவில் துளைத்தால்? 20 லட்சம் பைட், 1 கோடியே 60 லட்சம் பிட். வரிசைக்கு 5 பிட் என்றால் 32 லட்சம் வரிசைகள். 8.1 கிலோமீட்டர் நாடா. கடலூர் புதுச்சேரி தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஓட்டி முடிக்க 8000 நிமிடம், ஐந்து நாளும் பதின்மூன்று மணி நேரமும் சொச்சமும். புயல் கரையைக் கடந்த இரவில் தொடங்கியிருந்தால் நேற்றுக் காலை நான் உங்களுக்கு அனுப்பிய நேரத்தை ஒட்டித்தான் முடிந்திருக்கும்.

12 டிசம்பர்

பலகைக்கு இறுதியாக எழுத வேண்டியது, டீச்சர் கேட்டபடி:

டெலக்ஸ்: 50 பாட், நிமிடத்துக்கு 400 எழுத்து. மோடம்: 600 பாட், நொடிக்கு 2400 பிட், 240 எழுத்து ("பாட்" என்று அப்பா எழுதியதை அப்படியே படமாக ஒட்டுங்கள், பக்கத்தில் இந்த விளக்கம் இருக்கட்டும், அவருடைய கையெழுத்தைத் திருத்த வேண்டாம்). புது லைன்: நொடிக்கு 2.048 மெகாபிட், 256 கிலோபைட்.

உங்கள் மகன் சொன்னதுபோல் கடைசியில் தமிழுக்கு ஒரு வரி சேர்ப்பது நல்ல யோசனை. "கடலூர்" என்று இன்றைய கணினியில் எழுத 18 பைட் ஆகும். க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஆறு குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட். அப்பாவின் மோடத்தில் நொடிக்குப் பதின்மூன்று முறை அனுப்பலாம். எனக்கு அது பெரிதாகவே படுகிறது.

14 டிசம்பர், காலை

இன்று பதினொரு மணி பஸ்ஸில் நாடாவை எடுத்து வருகிறேன். சரியாக 101.6 சென்டிமீட்டர் அளந்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இழுத்துப் பார்க்கட்டும், கிழிந்தால் டப்பாவில் இன்னும் இருக்கிறது. இரு முனையிலும் பிடித்துக்கொள்ளத் துளையில்லாத பகுதி கொஞ்சம் விட்டிருக்கிறேன், அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.